வால் என்ன தப்பு செய்தது?

தேவிகுளம் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கிறோம். மழைக்காலக் குளிருக்கு இதமாக இருக்கும் என்று பன்றிகளை ஒரே கொட்டிலில் நெருக்கி அடைப்பது இங்கே வழக்கம். போன மழையில் அவை ஒன்றின் வாலை ஒன்று கடித்துக் குதறின. என் கணவர் தேயிலைச் செடி நறுக்கும் கவாத்துக் கத்தியோடு வந்தார்.

"எல்லா வாலையும் நறுக்கிட்டா எதைக் கடிக்கும்? தள்ளு புள்ள!"

நான் வாசலை மறித்து நின்றேன்.

"பெறவு காதைக் கடிக்கும். காதையும் நறுக்குவீகளா? நிக்க எடமில்லாம அடைச்சது நாமதான!"

பன்றிக்குப் பரிந்து பேசுகிறேன் என்று லயமே சிரித்தது. பாதிப் பன்றிகளை விறகுக் கொட்டகைக்கு ஓட்டினேன். வெளியே போட்ட விறகு நனைந்தது, நனையட்டும். கடி நின்றது, புண்ணும் ஆறியது.

இப்போது தீனி வைக்குமுன் வால்களைத்தான் பார்க்கிறேன். சுருண்டிருந்தால் நிம்மதி. தொங்கினால் நெருக்கம் தாங்காமல் கடிக்கப் போகின்றன என்று அர்த்தம்; அதே கத்தியை எடுக்கிறேன். இடம் அகல, வெட்டுப்படுவது கொட்டிலின் மூங்கில் தடுப்பு.