இருபத்திரண்டு ஸ்க்ரூ

அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுக்கு மூடியம்மா என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது, அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும். வாசல் காவலரிலிருந்து தலைவர் வரைக்கும் முதுகுக்குப் பின்னால் மூடியம்மா, முகத்துக்கு நேரே மேடம். அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் தன் அலமாரிக் கதவில் அந்த அலுமினிய மூடியை மாட்டி வைத்திருக்கிறாள். கேட்கிறவர்களுக்குக் கதை சொல்லுவாள், கேட்காதவர்களைப் பிடித்து உட்கார வைத்தும் சொல்லுவாள். நாம் முந்திக்கொள்வோம். அவள் சொன்னால் நடுநடுவே தன்னையே திட்டிக்கொள்வாள், கதை நகராது.

ராணுவ ரேடாருக்கு ரிசீவர் செய்கிற பிரிவு அது. ரேடார் வானத்துக்கு அலையை அனுப்பும். அது எதன் மேலாவது பட்டுத் திரும்பி வருவதற்குள் மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குச் சன்னமாகிவிடும். அதைப் பிடித்துப் பெரிதாக்குவது ஆம்ப்ளிஃபையர். பெரிதாக்கியதை நொடிக்கு நூறு கோடித் தடவை அளந்து எண்ணாக மாற்றுவது போர்டு. போர்டு அவளுடையது. ஆம்ப்ளிஃபையர் அவள் வீட்டுக்காரருடையது. ஆமாம், புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பெட்டிக்குள்தான் வேலை பார்த்தார்கள்.

அவள் அப்பா பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்தவர். வண்டி தாமதமாக வந்தால் ஓட்டுநருக்குத் திட்டு விழும். நேரத்துக்கு முன்னால் வந்தாலும் விழும். "முன்னாடி வந்தா பெருமையா? ஸ்டாப்புல நின்ன ஆளுங்கள விட்டுட்டு வந்திருக்கே" என்பார். அந்த ஒரு பேச்சுதான் மகளுக்குச் சோறு போட்டது. அவள் போர்டில் பதினாறு செப்புக் கோடுகள் ஒரு சிப்பிலிருந்து இன்னொரு சிப்புக்குப் போகும். பதினாறிலும் சேதி ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும். ஒன்று பிந்தினாலும் கெட்டது, முந்தினாலும் கெட்டது, எண் தப்பாகிவிடும். அதனால் சீக்கிரம் போய்ச் சேரக்கூடிய குட்டைக் கோட்டை வேண்டுமென்றே வளைத்து வளைத்து நீளமாக்குவாள். திரையில் அந்த வளைவுகளை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தால் அவளுக்குப் பசி தெரியாது. இருபத்து நாலு வருஷத்தில் ஒன்பது போர்டு. ஒன்பதும் முதல் தடவையே உயிர் பிடித்தன என்று சொல்லிக்கொள்வாள். பொய், ஏழுதான்.

அவர் அவளுக்கு நேரெதிர். பேசுவதற்குக் கூலி கேட்கிற ரகம். இரைச்சலே இல்லாத ஒரு ஆம்ப்ளிஃபையரைப் பதினோரு வருஷமாகச் செதுக்கிக்கொண்டிருந்தார். சத்தம் போடாத மனுஷன் சத்தம் போடாத சாமானைச் செய்யாமல் வேறு எதைச் செய்வார் என்று கூடத்தில் கேலி செய்வார்கள். அதற்கும் ஒரு தலையாட்டல்தான்.

கல்யாணமான புதிதில் ஆபீஸ் சண்டை சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்து, ஒரு நாள் தட்டு பறந்தது. பறக்கவிட்டது யார் என்பதில் இருவருக்கும் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. அன்றைக்கு அவள் ஒரு சட்டம் போட்டாள். வாசலில் செருப்பு ஸ்டாண்டு இருக்கிறதே, ஆபீஸ் அதோடு முடிந்தது. செருப்பைக் கழற்றினால் போர்டும் இல்லை, ஆம்ப்ளிஃபையரும் இல்லை. ஆபீஸில் சார், மேடம். வீட்டில் நீ, நான். இருபது வருஷமாக அதை யாரும் மீறவில்லை. மகள் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான், அம்மாவும் அப்பாவும் செய்வது ஒரே பெட்டி என்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது.

அந்தப் பெட்டி ஒரு தடித்த அகராதி அளவு இருக்கும். நடுவே ஒரு அலுமினியச் சுவர். இந்தப் பக்கம் ஆம்ப்ளிஃபையர், அந்தப் பக்கம் போர்டு. மேலே இரண்டுக்கும் சேர்த்து ஒரே மூடி, இருபத்திரண்டு ஸ்க்ரூ. எடையைக் குறைக்கச் சொல்லி மேலிடம் கழுத்தைப் பிடித்தபோது அவள்தான் சொன்னாள், சுவரை எடுத்துவிடலாம், நாற்பது கிராம் மிச்சமாகும் என்று. கூட்டத்தில் அவர், "சுவர் இருக்கட்டுமே" என்றார்.

"நமக்கு நடுவுல எதுக்கு சார் சுவர்?" என்றாள்.

கூட்டமே சிரித்தது. அவரும் சிரித்தார். சுவர் போயிற்று, அவளுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

புதுப் பெட்டி தயாராகி, மூடி போட்டு, சோதனையைத் தொடங்கினார்கள். முதல் சோதனை சுலபமானது. ஆன்டெனா வருகிற வழியை அடைத்துவிட்டுப் பார்ப்பார்கள். எதுவும் உள்ளே வராது, திரை காலியாக இருக்க வேண்டும். காலியாக இல்லை. ஒரு புள்ளி நின்றது. ஒரே வேகத்தில் எதுவோ வந்துகொண்டே இருக்கிறது என்று ரேடார் சாதித்தது. அதற்குப் பேய் என்று பெயர் வைத்தார்கள். இல்லாததை இருக்கிறதென்று சொல்கிற ரேடாரை எந்த ராணுவம் தொடும்? அதைவிட மோசம், அதே வேகத்தில் நிஜமாகவே ஒன்று வந்தால் அந்தப் புள்ளிக்குள் ஒளிந்துகொள்ளும், யாருக்கும் தெரியாது.

அவள் சும்மா இருக்கவில்லை. இருபத்திரண்டு ஸ்க்ரூவையும் கழற்றி, ஆம்ப்ளிஃபையரைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுத் தன் போர்டை மட்டும் ஓடவிட்டாள். பேய் இல்லை. மூன்று தடவை பார்த்தாள், மூன்று தடவையும் இல்லை. மூடியைத் திரும்பப் போட்டுப் பார்த்தாளா என்றால், இல்லை. யார் போடுவார்கள்? ஒரு தடவை போட்டுக் கழற்றினால் மணிக்கட்டு விட்டுப்போகும். அந்தக் கூடத்தில் எல்லாரும் அப்படித்தான். மூடி என்பது பெட்டியை அனுப்புகிற அன்றைக்குப் போடுகிற சமாச்சாரம்.

"என் போர்டைத் தனியா பாத்தாச்சு. சுத்தமா இருக்கு. பேய் ஆம்ப்ளிஃபையர்லதான் சார்" என்று கூட்டத்தில் தலைவரிடம் சொன்னாள்.

"இன்னொரு தடவை பாக்கலாமே" என்றார் வீட்டுக்காரர்.

"மூணு தடவை பாத்தாச்சு சார்."

தலைவருக்குச் சீக்கிரம் ஒரு முடிவு வேண்டும். திங்கட்கிழமை ராணுவ அதிகாரி வருகிறார். அன்றைக்குக் கையெழுத்தாகிவிடும்: ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிவிட்டு வெளியிலிருந்து ஒன்று வாங்குவது, அதைச் செய்தவரைக் கீழ்த்தளத்தில் உதிரிபாகப் பட்டியல் எழுதுகிற பிரிவுக்கு மாற்றுவது. இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, தொட்டுப் பார்க்க ஒரு கருவி கிடையாது. பதினோரு வருஷ உழைப்புக்கு அதுதான் முடிவு.

வீட்டில் அவர் எப்போதும் போலக் காய் நறுக்கினார். முன்னெப்போதையும் விடப் பொடியாக நறுக்கினார். புதன்கிழமை, ஆபீஸ் மேசையில் அவர் வைத்திருந்த நீலப் பீங்கான் குவளை சமையலறை அலமாரிக்கு வந்துவிட்டது. அவள் பார்த்தாள். ஆனால் செருப்பு கழற்றியாகிவிட்டது, கேட்க முடியாது. கேட்டுத்தான் என்ன சொல்வது, உண்மை உண்மைதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். தேறவில்லை என்பது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை காலை தலைவர் ஒரு வேலை கொடுத்தார். வாங்கப்போகிற ஆம்ப்ளிஃபையருக்குப் பெட்டிக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து தர வேண்டும். பெட்டி சோதனை மேசையில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டுத்தான் திறக்க வேண்டும். நிறுத்தினால் மறுபடி சூடேற ஒரு மணி நேரம் ஆகும், அதற்குச் சோம்பல்பட்டு, ஓடும்போதே ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் தூக்கினாள். அளவுகோலை எடுக்கத் திரும்பியபோது திரை கண்ணில் பட்டது.

பேய் இல்லை. ஆம்ப்ளிஃபையர் உள்ளேதான் இருந்தது.

மூடியை மேலே வைத்து அழுத்தினாள். புள்ளி வந்தது. தூக்கினாள், போயிற்று. வைத்தாள், வந்தது. குழந்தையோடு கண்ணாமூச்சி ஆடுகிற மாதிரி பத்துத் தடவை செய்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் ஈயாடவில்லை.

விஷயம் இதுதான். சுவர் இருந்தவரை உள்ளே இரண்டு சின்ன அறைகள். சுவரை எடுத்ததும் ஒரே பெரிய அறை. மூடியைப் போட்டதும், அளவெடுக்கத் தாளம் போட்டுக் கொடுக்கிற அவள் போர்டின் கிளாக் துடிப்பு அந்த அறைக்குள் முழங்கியது, சாமான் இல்லாத வீட்டில் பேச்சு முழங்குமே அப்படி. அந்த முழக்கம் ஆம்ப்ளிஃபையரின் வாய்க்குள் போனது. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்து, பெரிதாக்கிக் கொடுத்தது. மட்டமான ஆம்ப்ளிஃபையராக இருந்திருந்தால் பேய் வெளியே தெரிந்தே இருக்காது.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது அவர் ஏற்கெனவே வந்து, கைலி மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் வாசலைத் தாண்டவில்லை. செருப்போடு நின்றாள்.

"வெளிய வா. செருப்பைப் போட்டுட்டு வா."

அவர் ஏற இறங்கப் பார்த்தார். கைலியோடு ஆபீஸ் ஷூவை மாட்டிக்கொண்டு வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார். "சொல்லுங்க மேடம்."

"மூடி" என்றாள்.

"தெரியும்."

"தெரியுமா?"

"ரோஸ் சீட்டு எழுதினேனே. போன மாசம் ஒன்பதாம் தேதி."

ஒருவர் வேலையில் இன்னொருவருக்குச் சந்தேகம் வந்தால் ரோஸ் நிறச் சீட்டில் எழுதி அனுப்புவது அந்தக் கூடத்து வழக்கம். வாங்கியவர் மூன்று நாளைக்குள் பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"எனக்கு வரவே இல்ல."

"வந்துச்சு. பதில் போட்டு அனுப்பினீங்க. போய்ப் பாருங்க."

"வீட்டுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"செருப்பு கழட்டியாச்சே."

அவளுக்கு வந்த கோபத்துக்கு அங்கே தட்டு இல்லாமல் போனது நல்லதாயிற்று. "சட்டம் போட்டவளுக்குத்தான் அறிவில்ல, உனக்குமா இல்ல? பதினோரு வருஷத்தைத் தூக்கிக் குடுக்கப் பாத்தியே."

அவர் ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார். பிறகு மேடத்தை விட்டுவிட்டுப் பேசினார். "எனக்கும் கோபம்தான். நீ படிக்காமயே கையெழுத்துப் போட்டேன்னு தெரியும். மத்தவங்க போட்டா பரவாயில்ல. நீ போட்டது வலிச்சுது. நீயா கண்டுபிடிச்சா சரி, இல்லன்னா கீழ்த்தளத்துக்கே போயிடலாம்னு இருந்தேன்."

இருபது வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அது. அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேல்வீட்டுக்காரர் குப்பைக் கூடையோடு படியேறி வந்து, கைலியையும் ஷூவையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்.

சனிக்கிழமை கூடத்துக்கு விடுமுறை. வாசல் காவலரிடம் கெஞ்சி உள்ளே போய்க் கோப்பைத் தோண்டினாள். ஒன்பதாம் தேதி பதினாலு சீட்டு வந்திருந்தது. பதினாலுக்கும் ஒரே உட்காரலில், ஒரே பேனாவில், ஒரே பதில் எழுதித் தள்ளியிருந்தாள். பதினொன்றாவது சீட்டு அவருடையது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

திங்கட்கிழமை அவள் பெட்டி, திரை, ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் முன்பே கூட்ட அறைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஓடவிட்டு வைத்தாள். தலைவர் இருந்தார், சீருடையில் அதிகாரி இருந்தார், மேசைக் கோடியில் அவர் இருந்தார். எல்லாரையும் காக்க வைத்து இருபத்திரண்டு ஸ்க்ரூவையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மூடியைத் தூக்கிக் காட்டினாள், போட்டுக் காட்டினாள். மூன்றாவது தடவை அதிகாரி தானே எழுந்து வந்து தூக்கிப் பார்த்தார்.

"ஆம்ப்ளிஃபையர்ல ஒரு குறையும் இல்ல. தப்பு என் கிளாக், நான் எடுத்த சுவர்" என்றாள்.

தலைவர் நெற்றியைத் தேய்த்தார். "இத்தனை பேர் இருக்கோம். இது ஒருத்தருக்குக்கூடத் தோணலையா?"

யாருக்கும் தோன்றவில்லை என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆம்ப்ளிஃபையர் தப்பியாயிற்று. வீட்டுக்காரர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறக்கமாட்டார் என்பது அவளுக்கு அவரை விட நன்றாகத் தெரியும்.

பையிலிருந்து ரோஸ் சீட்டை எடுத்தாள். உரக்கப் படித்தாள். "ஆம்ப்ளிஃபையரைக் கழற்றாமல், மூடியை மட்டும் திறந்து பார்க்கவும். போன மாசம் ஒன்பதாம் தேதி. எழுதினது சார்." மேசைக் கோடியைக் கையால் காட்டினாள். "பதில், தேவையில்லை."

"பதில் யார் எழுதினது?" என்றார் அதிகாரி.

"நான். படிக்காமயே எழுதினேன்."

பிறகு தலைவர் செய்ய வேண்டியதைச் செய்தார். மாற்றல் உத்தரவைக் கிழித்தார். சுவர் திரும்ப வர வேண்டும், போர்டைப் புதிதாகப் போட வேண்டும், நாலு மாசம் தள்ளிப்போகும். அடுத்த திட்டத்துக்கு அவள் பொறுப்பாளர் இல்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சுவர் வந்தால் எடை கூடுமே என்று அதிகாரி கேட்டார்.

மேசைக் கோடியிலிருந்து அவர் வாயைத் திறந்தார். "அந்த நாற்பது கிராமை என் பக்கத்துல குறைச்சுத் தரேன்."

அவள் ஸ்க்ரூக்களைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடுவது போலக் குனிந்துகொண்டாள். கண்ணைத் துடைக்க வேறு வழி தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவள் செருப்பு ஸ்டாண்டை ஹால் வழியாக இழுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கப் பால்கனியில் வைத்தாள். இனிமேல் ஆபீஸ் அங்கே போய்த்தான் முடியும் என்றாள். "வீடு முழுக்க மண்ணா வரும், யார் கூட்டுறது?" என்று மகள் கத்தினாள். "நான்தான்" என்றார் அவர்.

மறுநாள் காலை சமையலறை அலமாரியில் நீலக் குவளை இல்லை.