வாங்குச் சத்தமும் என் சகலன் பதியுதீனும்

என் சகலன் பதியுதீனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் இரண்டோடு நின்றுவிடுவேன். மடிப்புக் கலையாமல் சட்டை போடுவார். பிழையில்லாமல் ஸலாம் சொல்வார்.

கல்முனையில் மாமனாரின் ஒரே வீட்டு வளவுக்குத்தான் நாங்கள் இருவரும் மாப்பிள்ளையாக வந்து குடியேறினோம். மூத்த மகள் எனக்கு, இளையவள் ஜுனைதா அவருக்கு. நான் நெல் வியாபாரி. கல்யாணக் கார்ட்டில் என் பெயருக்கு முன்னால் எதுவும் இருக்கவில்லை. அவர் கொழும்பில் சில மாதம் கம்பியூட்டர் படித்துவிட்டு வந்து, தன் கார்ட்டில் 'எஞ்சினியர்' என்று போட்டுக்கொண்டார். ஜுனைதாவின் தங்கக் காப்புகள் கம்பியூட்டராக மாறின. முன் அறையில் வகுப்புத் தொடங்கியது, அவர் அதன் பணிப்பாளர், அதாவது டைரக்டர். ஆனால் அடுப்பு எரிந்தது, அதே மெஷினில் ஜுனைதா ஊராரின் கல்யாணக் கார்ட்டுகளைத் தட்டிக் கொடுத்ததால்தான்.

பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் வாங்கு கேட்டால் ரேடியோவை நிறுத்துவது எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பும் வாப்பாமார் மெச்ச வேண்டுமென்று இவர் ஊரைவிட ஒரு படி மேலே போனார். பாதி தட்டிய கார்ட் அழிந்தாலும் சரி, வாங்கு கேட்டதும் மெஷினின் சுவிட்சையே அணைத்துவிடுவார். தொழுகைக்கு மட்டும் ஆறுதலாக, அசைந்து அசைந்துதான் போவார்.

இரண்டாயிரம் பிறந்தால் கம்பியூட்டர்களுக்குத் தேதி குழம்பிவிடும் என்று உலகமே பயந்த வருடம் அது. மதர்போர்டில் 'பயோஸ்' என்று ஒரு சிப் இருக்கிறது. மெஷின் கண் விழிப்பதே அதனால்தான். அதைப் புதுப்பிக்கப் புளொப்பியைச் செருகி, இரண்டு வாப்பாமாரைப் பக்கத்தில் இருத்தி, விளக்கம் சொல்லிக்கொண்டே வேலையைத் தொடங்கினார் பதியுதீன். நடுவில் நிறுத்தவே கூடாது என்று திரையிலேயே எழுதியிருந்தது. அஸர் வாங்கு கேட்டது. வாப்பாமார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சினியர் சுவிட்சை அணைத்தார்.

மறுபடி போட்டபோது உள்ளே காற்றாடி சுற்றியது, திரை கறுப்பாகவே கிடந்தது. யாரோ கண் வைத்த கண்ணூறு என்றார். புது மதர்போர்ட் வாங்க வேண்டுமென்று ஜுனைதாவின் கழுத்துச் சங்கிலியைப் பார்த்தார். அவளிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அவரை வெளியே தள்ளி வாசல் படலையைப் பூட்ட வேண்டும் போலிருந்தது எனக்கு.

மெஷின் விற்ற கொழும்புக் கடைக்குப் போன் எடுத்தது ஜுனைதா. அதே மாதிரி மதர்போர்ட் உள்ள இன்னொரு மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் சிப்பைக் கழற்றி, செத்த சிப்பை அந்த இடத்தில் செருகி, திரும்ப எழுதினால் பிழைக்கும் என்றார்கள். அது பைத்தியக்கார வேலை என்றார் பதியுதீன். பக்கத்து ஊரான பாண்டிருப்பில் கோகுலனிடம் அதே மெஷின் இருந்தது. அவருடைய தங்கையின் கல்யாணக் கார்ட்டை அடித்துக் கொடுத்தவள் ஜுனைதா என்பதால் அவர் தயங்கித் தயங்கிச் சம்மதித்தார்.

மறுநாள் நானும் கூடப் போனேன். ஜுனைதா கொண்டுவந்த தையல் நூலைத் தன் சிப்பின் அடியில் கட்டி, மெஷின் ஓடும்போதே நேராகத் தூக்கி எடுத்தார் கோகுலன். செத்ததை அழுத்திச் செருகினார். பதியுதீன் கையைக் கட்டிக்கொண்டு எங்களுக்கு விளக்கம் சொன்னார். எழுத்துத் தொடங்கி, திரையில் கோடு பாதிவரை வந்திருக்கும். கல்முனைப் பக்கமிருந்து அஸர் வாங்கு கேட்டது. பழக்கதோஷத்தில் பதியுதீனின் கை சுவிட்சுக்குப் போயிற்று.

ஜுனைதா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பிறத்தியார் முன்னால் அவள் அவரைத் தொட்டதை நான் அன்றுதான் கண்டேன்.

“கைய எடுங்க. வாங்குக்கு வாயப் பொத்தினாக் காணும். மெஷின நிப்பாட்டத் தேவல்ல.”

வாங்கு முடியுமுன்னே கோடும் முடிந்தது. வீட்டில் சிப்பைப் போட்டதும் திரை வெளிச்சமானது. சங்கிலி கழுத்திலேயே இருந்தது.

அடுத்த கிழமை வாசலில் புதுப் பலகை தொங்கியது: 'செத்த கம்பியூட்டருக்கு உயிர் கொடுக்கப்படும். எஞ்சினியர் பதியுதீன்.' வருகிறவர்களைப் பிடித்து வைத்து, பாண்டிருப்பில் தான் செய்த சத்திரசிகிச்சையை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாங்கு கேட்டால் ஜுனைதா மொனிட்டரை மட்டும் அணைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்ப்பாள். அவர் கதையைப் பாதியில் விட்டு வாயை மூடுவார். அந்தக் கொஞ்ச நேரம் எங்கள் வளவில் பொய் இல்லை.