மானுக்கு வைத்த வாஷ்பேசின்

காப்புக்காட்டு ஓரத்தில், ரோட்டுப் பக்கம் இருந்த தண்ணீர்த் தொட்டியை வனத்துறை மூடியதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த வெயிலில் மான்கள் எங்கே போகும்?

விருத்தாசலத்தில் நான் வேலை பார்க்கும் செராமிக் கம்பெனியில், சூளையில் கோணிப்போன வாஷ்பேசின் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். ஓட்டையைச் சிமெண்டால் அடைத்து, மூடிய தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்து, வேலைக்குப் போகும்போது தினமும் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாம் நாளே புள்ளிமான்கள் வந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு நாள் காலை பேசினைச் சுற்றி ரத்தம் உறைந்திருந்தது. வனக்காவலர் ஒருவர் புதரிலிருந்து சுருக்குக் கம்பியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி வெச்சது நீங்களாம்மா?"

தலையாட்டினேன்.

"ரோட்டோரம் தண்ணி இருந்தா வேட்டைக்கு வர்றவனுங்களுக்கு வசதியாப் போவுது. அதனாலதான் இத மூடிட்டு, காட்டுக்கு உள்ளாற புதுசா ஒண்ணு கட்டியிருக்கோம். ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நல்ல மனசுலதான் செஞ்சீங்க" என்று சொல்லி, பேசினை அவரே தூக்கி என் ஸ்கூட்டியில் வைத்தார்.

மறுநாள் அதே இடத்தில் ஒரு மான் வெறும் தரையை முகர்ந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டும் ஓடவில்லை. தண்ணீர் ஊற்றுகிறவள் என்று தெரிந்துவைத்திருந்தது. கையைத் தட்டி, கத்தி, கல்லை ஓங்கி, அதைக் காட்டுக்குள் விரட்டினேன்.

அந்த மான்களுக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.