முன்னணையில் கிடந்தது

அந்த வணிக வளாகத்தில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. ‘சுத்தக்காரி’ என்றால்தான் தெரியும். துடைப்பது வேலை என்பதால் மட்டும் வந்த பேர் இல்லை. ஆளே அப்படி. டீ குடிக்கும் டம்ளரை மூன்று தடவை கழுவுவாள். மாப்பைப் பிழிந்த தண்ணீர் காலில் ஒரு சொட்டு பட்டால் போதும், முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொள்வாள். இப்படிப்பட்டவளுக்கு ஆண்டவன் கொடுத்த பிழைப்பு, நாலு மாடிக் கழிப்பறை!

பன்னிரண்டு வருஷ வேலை. வருஷா வருஷம் டிசம்பரில் தள்ளுபடிப் பலகை தொங்கும், பஞ்சில் பனி கொட்டும், சிவப்புத் தொப்பி போட்ட பொம்மை இடுப்பை ஆட்டும். யாருடைய பிறந்தநாள் என்று மட்டும் எங்கேயும் இருக்காது. பிறந்தநாள்காரனை வாசலில் நிறுத்திவிட்டு வீட்டுக்குள்ளே கேக் வெட்டுகிற கூட்டம் என்று அவள் வயிறெரிவாள். மூன்று வருஷம் மேனேஜர் பின்னாலேயே அலைந்து, இந்த வருஷம்தான் கீழ்த்தளத்து மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்துமஸ் குடில் வைக்கச் சம்மதம் வாங்கினாள். மாதா, சூசையப்பர், ஒரு மாடு, நடுவில் வைக்கோல் பரப்பிய மர முன்னணை, அதாவது மாட்டுத் தீவனத் தொட்டி. எல்லாம் முழங்கால் உயரம்.

பாலன் இயேசுவை மட்டும் அவள் வைக்க விடவில்லை.

“பிள்ளை இன்னும் பொறக்கல சார். இருபத்தி நாலாம் தேதி சாயங்காலம் நானே வைக்கிறேன். அதுவரைக்கும் அது காலியாத்தான் இருக்கணும்.”

“எனக்கு எல்லாம் ஒண்ணுதான், வச்சுக்கோங்க” என்றார் மேனேஜர். அவள் பாலனைத் துண்டில் சுற்றித் தன் அலமாரிக்குள் பத்திரப்படுத்தினாள்.

மறுநாளே முன்னணையில் ஒரு ஐஸ்கிரீம் கப் கிடந்தது. அதற்கு மறுநாள் கோழி எலும்பு. அப்புறம் மென்று துப்பிய சூயிங்கம், மூக்குச் சிந்திய காகிதம், எவனோ பாதி கடித்துவிட்டு எறிந்த பர்கர். சீ! ஒரு நாளைக்கு ஐந்து தடவை பொறுக்கினாள். க்ரீம் ஒட்டிய வைக்கோலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும்போது குமட்டிக்கொண்டு வந்தது. குப்பைக்கூடை பத்தடி தள்ளி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. பத்தடி நடக்கக் காலில்லையா இந்த எடுபட்டதுகளுக்கு?

“பிள்ளைய வச்சிருந்தா ஒருத்தனும் போட மாட்டான்க்கா” என்றார் வாசல் செக்யூரிட்டி. “காலியா விட்டது நீங்க. அப்புறம் ஊரைத் திட்டி என்ன பண்றது?”

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. உண்மைதானே.

இருபதாம் தேதி மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். “கடைக்காரங்க மூக்கைப் பொத்துறாங்கம்மா. இனி ஒரே ஒரு தடவை அதுல அசிங்கம் கிடந்தாலும் குடிலையே தூக்கிடுவேன். அடுத்த வருஷமும் கேக்காதீங்க.”

வீட்டில் முட்டிவலியோடு கட்டிலில் கிடந்த புருஷன் ஒரு வழி சொன்னார். “இப்பவே வச்சுத் தொலையேன். ஒரு நாலு நாள் முன்னாடி பொறந்தா என்ன குடி முழுகிடும்?”

“பத்து மாசம் சுமக்கறவளக் கேளுங்க, நாலு நாள் முன்னாடின்னா என்னன்னு!”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

செபமாலை முடிந்ததும் அன்றைய நாளுக்கு நன்றி சொல்வது அவள் வழக்கம். முட்டிவலிக்காரருக்கு ஒன்று, ஒழுகாத கூரைக்கு ஒன்று என்று வரிசையாகச் சொல்வாள். இந்த டிசம்பரில் நன்றி வாயில் வரவே மாட்டேன் என்றது. கண்ணை மூடினால் கோழி எலும்புதான் தெரிந்தது. காறித் துப்பத்தான் தோன்றியது. இந்த சனங்களுக்காகவா சாமி வந்தீர், வேற வேலை இல்லையா உமக்கு என்று ஒரு நாள் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

இருபத்தி நாலாம் தேதி நாலு மணிக்கு முன்னணையைத் துடைத்துப் புது வைக்கோல் போட்டாள். ஐந்து மணிக்குத் துண்டோடு பாலனைத் தூக்கிக்கொண்டு வந்தால், குடிலைச் சுற்றிக் கூட்டம். மேனேஜர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். பக்கத்தில் குடிலைத் தூக்க இரண்டு ஆட்கள்.

முன்னணையில் ஒரு டயப்பர் விரிந்து கிடந்தது. கனத்து, மஞ்சளாய், வைக்கோலிலெல்லாம் ஒழுகியிருந்தது.

“பாத்தீங்கல்ல? நான் என்ன சொன்னேன்?” என்றார் மேனேஜர்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தக் கோபத்தில் என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே கத்திவிட்டாள். “பிள்ளை பொறந்த எடத்துல வேற என்ன சார் கெடக்கும்?”

தூக்க வந்த ஆட்களில் ஒருவன் பக்கென்று சிரித்தான். கூட்டமும் சிரித்தது. “சரி சரி, அத மட்டும் சீக்கிரம் எடுத்துத் தொலைங்க” என்று சொல்லிவிட்டு மேனேஜர் மேலே போய்விட்டார். குடிலைத் தொடாமலே ஆட்களும் போனார்கள்.

அவள் மட்டும் நின்றாள். தான் சொன்னது இப்போதுதான் தன் காதிலேயே விழுந்தது. மாதா சிலை நீலச் சேலை மடிப்புக் கலையாமல், கை கூப்பிக்கொண்டு பளிச்சென்று இருந்தது. பெற்ற உடம்பா இது? மாட்டுக் கொட்டிலில், சாணிக்கும் மூத்திரத்துக்கும் நடுவில், ஒத்தாசைக்கு ஒரு பொம்பளைகூட இல்லாமல்!

“ஏம்மா, அந்தக் கந்தலையெல்லாம் யாரும்மா அலசுனா?” என்று சிலையிடம் மெதுவாகக் கேட்டாள்.

கையுறை மாடியில் இருந்தது. போய் எடுத்துவரத் தோன்றவில்லை. துண்டைப் பிரித்துப் பாலனை மாதாவின் காலடியில் வைத்துவிட்டு, வெறுங்கையால் டயப்பரைச் சுருட்டிக் கூடையில் போட்டாள். நனைந்த வைக்கோலை அள்ளினாள். அருவருப்பு போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துண்டில் எத்தனை தடவை துடைத்தும் விரலிடுக்கில் நாற்றம் போகவில்லை, குமட்டலும் அடங்கவில்லை. அந்தக் கையாலேயே பாலனைத் தூக்கி உள்ளே கிடத்தினாள்.

“இதுக்குள்ளயா வந்தே, சாமி?” என்றாள். “எல்லாம் தெரிஞ்சும் வந்தியே.”