என் வண்டிக் கயிறு

முசரவாக்கம் கல்லறையில் இன்று டேவிட்டை அடக்கம் செய்தோம். இருவரும் ஒரே ஸ்டாண்டில் லோடு ஆட்டோ ஓட்டினோம்.

பெட்டியை இறக்க வைத்திருந்த கயிறுகளில் ஒன்று எட்டவில்லை. என் வண்டிக் கயிற்றை எடுத்து வந்து அதோடு சேர்த்து முடிச்சுப் போட்டேன்.

"நல்லா இழுத்துப் பாருப்பா, நடுவுல அவுந்துடப் போவுது" என்றார் குழி வெட்டியவர். காலை ஊன்றி இழுத்து இறுக்கினேன்.

பெட்டி ஆடாமல் இறங்கியது. கயிற்றை உருவும்போது முடிச்சு பெட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

"வர மாட்டேங்குதுபா. உன் கயித்த மட்டும் அறுத்துத் தரட்டா?"

"வேணாம்ண்ணா. அவன்கிட்டயே இருக்கட்டும்."

எத்தனை முறை என்னிடம் கயிறு வாங்கிப் போயிருப்பான். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. கேட்டால், "உன்னுது இன்னா, என்னுது இன்னாடா" என்பான்.

நாளை பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி ஏற்ற வேண்டும். ஸ்டாண்டில் யாராவது கயிறு கொடுங்கப்பா. நான் திருப்பித் தந்துவிடுவேன்.