பக்கவாசல் நுன்ஸியா

நுன்ஸியா அக்காவுக்கு எங்கள் பேராலயத்தின் பக்கவாசலில் நின்று நின்றே தலை நரைத்தது. அதே வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலை எனக்கு. துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கிற நாட்களில் சனங்கள் பஸ் பஸ்ஸாக மலையேறி வந்துவிடுவார்கள். வெறும் தோளோடு வருகிற பெண்களை நிறுத்தி, காகிதம் மாதிரி மெல்லிசான ஒரு துணியைப் போர்த்திவிட்டு உள்ளே அனுப்புவாள் அக்கா. தொப்பி போட்டவனைப் பார்த்தால் தன் தலையைத் தொட்டுக் காட்டுவாள். சத்தமாகப் பேசுகிறவனைப் பார்த்தால் உதட்டில் விரலை வைப்பாள். வாயே திறக்கமாட்டாள். எந்த பாஷையில் திறப்பது? சாயங்காலம் ஷூவைக் கழற்றினால் கால் இரண்டும் பொங்கின மாவு மாதிரி இருக்கும்.

உள்ளே சுவர் முழுக்கத் தங்கச் சில்லுகளைப் பதித்துச் செய்த சாமி படங்கள். அதைப் பார்க்கத்தான் உலகமே சிசிலிக்கு வருகிறது. ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாமே அக்காவுக்கு அந்தப் படங்களுக்குக் கீழேதான் நடந்தன. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு உட்கார்ந்தால் அவளுக்கு ஜெபம் வராது. "முன்னாடி உக்காந்திருக்கிறவ தோளத்தான் கண்ணு தேடுது. சாமி எங்கடி தெரியுது?" என்பாள் என்னிடம்.

அவள் புருஷன் லில்லோவுக்கு நகராட்சியில் சாக்கடை அடைப்பு எடுக்கிற வேலை. கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டான். சாயங்காலம் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்தாலும் சதுக்கத்தின் அந்தக் கோடியிலேயே நின்றுகொள்வான். "உங்க சாமி வீட்டுல சட்டம் ஜாஸ்தி. என் சாக்கடைக்குள்ள எந்த உடுப்புல வேணா வரலாம்" என்று அங்கிருந்தே கத்துவான். அக்கா சிரிக்கமாட்டாள். சிரிக்கக்கூடத் தெம்பு வேண்டுமே.

மே மாதத்தில் ஒருநாள் காலை, அடுப்பில் காபி பொங்கிக்கொண்டிருந்தபோது லில்லோ சமையலறையிலேயே சரிந்து விழுந்தான். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கப் பூசையை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற புதுக் கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்றார் ஃபாதர் கஸ்பாரே. மறுநாள் கப்பல் வருகிற நாள்.

அதுவரைக்கும் எதையுமே வாய்விட்டுக் கேட்டிராதவள் அன்றைக்குக் கேட்டாள். "பெரிய கோயில்லதான் வைக்கணும் ஃபாதர்."

"அவரு இங்க வந்ததே இல்லையேம்மா."

"அதான் கேக்குறேன். ஒரு தடவையாவது வரட்டும்."

ஃபாதர், காலையில் கூட்டத்தை உள்ளே விடுவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று சொல்லி ஒத்துக்கொண்டார்.

ஆனால் சவப்பெட்டியை ஏற்றிவந்த வண்டி டூரிஸ்ட் பஸ்களுக்குப் பின்னால் மலைப்பாதையிலேயே மாட்டிக்கொண்டது. பூசை தொடங்கும்போதே நன்றாக வெயில் ஏறிவிட்டது. வெளியே வரிசை சதுக்கத்தைச் சுற்றி வளைந்து நின்றது. நான் கதவைச் சாத்திக்கொண்டு, நாலைந்து பாஷைகளில் திட்டு வாங்கிக்கொண்டு நின்றேன்.

பூசை முடிந்தது. மகன் சாரோவும் லில்லோவோடு வேலை பார்த்தவர்களும் பெட்டியைத் தோளில் சுமந்து வெளியே வந்தார்கள். கோயிலைவிட்டுப் பெட்டி வெளியே வரும்போது கைதட்டி வழியனுப்புவது எங்கள் பழக்கம். அக்கம்பக்கத்தார் தட்டினார்கள். வரிசையில் நின்றவர்களுக்கு என்ன புரிந்ததோ, அவர்களும் தட்ட ஆரம்பித்தார்கள். கைதட்டல் சதுக்கம் முழுக்கப் பரவியது. யாரோ விசில்கூட அடித்தார்கள். ஃபோன்கள் மேலே எழும்பின.

சாரோவின் முகம் சிவந்துபோனது. "என்னம்மா இது, இங்க கூத்தா நடக்குது? பெட்டிய இறக்கி வச்சிட்டு நாலு சாத்து சாத்திட்டு வரேன்."

அக்கா அவன் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுடா. ஆயுசு பூரா உங்கப்பா ஊரு சாக்கடைய அள்ளுனாரு. ஒருத்தன் கைதட்டியிருப்பானா? கேட்டுட்டுப் போகட்டும்."

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகையே வந்தது.

துக்க வீட்டில் அடுப்பு எரியாத அந்த நாட்களில் வீட்டுக்கு ஒருத்தராகச் சாப்பாடு கொண்டுபோனோம். பாத்திரங்களைத் திறந்துகூடப் பார்க்காமல் அப்படியே வைத்திருந்தாள். துக்க நாள் கழிந்ததும் வேலைக்கு வந்து நின்றாள். "இன்னும் கொஞ்ச நாள் வீட்டுல இருந்துட்டு வரலாம்லக்கா" என்றேன். "வீட்டுல நின்னா மட்டும் கால் வலிக்காதா?" என்றாள். அவள் கை அதுபாட்டுக்கு அடுத்த துணியை உதறிப் பிரித்தது.

ஓய்வு பெற்ற பிறகு அவள் பெரிய கோயிலுக்கு வரவே இல்லை. பஸ் நிலையத்துப் புதுக் கோயிலுக்குப் போக ஆரம்பித்தாள். சிமென்ட் சுவர், பிளாஸ்டிக் நாற்காலி, மழை பெய்தால் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு வாளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவ்வளவு அழகான கோயில விட்டுட்டு இங்க என்னக்கா?"

"இதப் பாக்க ஒருத்தரும் வரமாட்டாங்கடி" என்றாள்.

பிரசங்கம் பாதிகூட ஆகவில்லை. அவள் தலை என் தோளில் சாய்ந்தது. குறட்டை மெதுவாக எழும்பி, கோயில் முழுக்கக் கேட்டது. ஃபாதர் கஸ்பாரே ஒரு நிமிஷம் நிறுத்தி எங்கள் பக்கம் பார்த்தார். நான் அவளை எழுப்பக் கையைத் தூக்கினேன். வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினார்.