அம்மா அளந்த மெழுகுதிரி

லிஸ்பனிலிருந்து போர்ட்டோவுக்கு அம்மாவும் நானும் ஒரு நாள் சாரதியோடு வாடகைக் காரில் போவதற்கு, மொன்றியல் வீட்டிலேயே நேர அட்டவணை போட்டிருந்தேன். வழியில் மூன்று இடங்களில் நிற்பதாகத் திட்டம். நாங்கள் சைவர்கள் என்பதால் அந்த வழியிலுள்ள பாத்திமா மாதா கோவிலைச் சேர்க்கவில்லை.

வீதியில் பாத்திமா என்ற பெயர்ப்பலகையைக் கண்டதும் அம்மா கேட்டார்: "பிள்ளை, இதிலை நிக்க மாட்டமோ?"

"நேரமில்லை அம்மா. மாதாவைக் கும்பிட நீங்கள் எப்ப கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினனீங்கள்?" என்று சிரித்தேன்.

"உன்ரை ஒப்பரேசனுக்கு மாதாவுக்கும் நேர்த்தி வைச்சனான். உன்ரை உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி. பரவாயில்லை, விடு."

சாரதியிடம் காரைத் திருப்பச் சொன்னேன். கோவிலடியில் அம்மா ஒரு நீண்ட மெழுகுதிரியை என் பக்கத்தில் நிறுத்தி அளந்தார்.

"உன்னிலும் கொஞ்சம் கூட இருக்கட்டும்."

அந்த ஒப்பரேசனுக்கு முன், பயமாக இருக்கிறதா என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள். அம்மாவை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.